சப்வூஃபருடன் சேர்க்க உயர்தர புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) ஒன்றும் கூடவே இயங்கப்போகிறது என்று முடிவான பிறகு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் தேடுவது, தனியாக ஒலிக்கப்போகும் ஸ்பீக்கரைத் தேடுவதிலிருந்து வேறான வேலை. இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாத திறனுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேவையான திறனைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பீக்கர் வடிவமைப்பில் மாற்ற முடியாத ஒரு கட்டுப்பாடு உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன் (குறைந்த மின்சக்தியிலேயே உரத்து ஒலிப்பது) ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் ஒரு ஸ்பீக்கரால் தர முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் பெட்டி சிறியது என்பது முன்பே தீர்மானமாகிவிட்டதால், மீதமுள்ள இரண்டில் எதை விடுவது என்பதே வடிவமைப்பாளரின் கேள்வி. சப்வூஃபர் இல்லாமல் கேட்பவர்களையும் திருப்திப்படுத்த வேண்டியிருப்பதால், பெரும்பாலான உயர்தர மாடல்களில் பேஸ் ஆழத்தை வைத்துக்கொண்டு உணர்திறனை விட்டுக்கொடுக்கிறார்கள். சப்வூஃபர் வைத்திருப்பவருக்கோ இதற்கு நேர்மாறான பேரம்தான் லாபம். 40 ஹெர்ட்ஸை எட்டிப்பிடிக்கத் திணறும் ஸ்பீக்கரை விட, 60 அல்லது 70 ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டு அதற்கு மேலுள்ள பகுதியை எந்த ஒலியளவிலும் சிரமமின்றித் தரும் ஸ்பீக்கரே அவருக்கு உயர்ந்த ஸ்பீக்கர்.

பிரிப்பு எங்கே நடக்கிறது?

மாடல்களைப் பட்டியலிடுவதற்கு முன் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தையும் அதன் அமைப்புப் பட்டியலையும் பாருங்கள். ஒலியை இரண்டாகப் பிரிக்கும் வேலையில் இரு பகுதிகள் உள்ளன. தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் சப்வூஃபருக்கு அனுப்புவது ஒன்று. அதே அதிர்வெண்களை ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பது மற்றொன்று. முதல் பகுதியை ஆம்ப்ளிஃபயரோ சப்வூஃபரோ பெரும்பாலும் செய்துவிடும். இரண்டாவதைச் செய்யாத ஆம்ப்ளிஃபயர்கள் ஏராளம்.

ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் பொதுவாக இரண்டும் உண்டு. ஸ்பீக்கருக்கு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரு மடங்காகும் அல்லது பாதியாகும் இடைவெளிக்கு) 12 டெசிபெல் சரிவோடு தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டரும், சப்வூஃபருக்கு ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவோடு உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரும் இருப்பதே வழக்கமான அமைப்பு. பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களில் நிலைமை வேறு. பின்புறம் 'சப் அவுட்' என்று ஒரு துளை இருக்கும். அதில் சப்வூஃபரை இணைத்தாலும் ஸ்பீக்கருக்கு முழு ஒலியும் போய்க்கொண்டேயிருக்கும். ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே கம்பி எடுத்துச் சப்வூஃபரின் ஹை-லெவல் உள்ளீட்டில் இணைப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

ஹை-பாஸ் ஃபில்டர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நீங்கள் வாங்க வேண்டிய ஸ்பீக்கரே மாறிவிடும். இருந்தால், ஸ்பீக்கரின் பேஸ் ஆழத்தைப் பற்றிய கவலையை வெகுவாகக் குறைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், ஸ்பீக்கர் இயல்பாக எங்கே, எப்படி இறங்குகிறதோ அங்கேதான் சப்வூஃபர் வந்து சேர வேண்டும். அந்த நிலையில் மெதுவாகவும் சீராகவும் இறங்கும் மூடிய பெட்டி (காற்றுத் துளை இல்லாத) ஸ்பீக்கர்களே பொருத்தமானவை. ப்ரீ-அவுட்டும் மெயின்-இன்னும் (இடையில் வேறு கருவியைச் சேர்ப்பதற்கான துளைகள்) உள்ள ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களும், ப்ரீ-ஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் தனித்தனியாக வைத்திருப்பவர்களும் இடையில் மினிடிஎஸ்பி போன்ற ஒரு டிஜிட்டல் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரிக்கும்) கருவியைச் சேர்த்து இந்தக் குறையைத் தீர்க்கலாம். உயர்தர ஸ்பீக்கர் வாங்கும் அளவுக்குத் துணிந்தவர் இந்த ஒரு படியையும் ஏறிவிடுவது நல்லது என்பேன். அடுத்த நிலை ஸ்பீக்கருக்கு மாறுவதை விட இதனால் கிடைக்கும் பலன் பல சமயங்களில் பெரிதாக இருக்கும்.

ரிசீவர் அமைப்பில் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று வைப்பதா, 'ஸ்மால்' என்று வைப்பதா என்ற கேள்வியில் பலர் தடுமாறுகிறார்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கரைச் சிறியது என்று அறிவிக்க மனம் வருவதில்லை. அந்தச் சொற்கள் ஸ்பீக்கரின் தகுதியைக் குறிப்பவை அல்ல. ஹை-பாஸ் ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டுமே குறிப்பவை. சப்வூஃபர் இருக்கும்போது எவ்வளவு சிறந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கராக இருந்தாலும் 'ஸ்மால்' என்றே வையுங்கள்.

விவரத்தாளை எப்படிப் படிப்பது?

ஸ்பீக்கரின் அதிர்வெண் எல்லையைச் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை டெசிபெல் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். அது இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை. கேஇஎஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் விவரத்தாளில் 47 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கும், 79 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கும். ஒலி 6 டெசிபெல் குறையும் இடம் முதலாவது; 3 டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கும் எல்லை இரண்டாவது. 47 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு கிராஸ்ஓவரை (பிரிக்கும் அதிர்வெண்ணை) 60 ஹெர்ட்ஸில் வைப்பவர், ஸ்பீக்கர் ஏற்கெனவே தளர்ந்துவிட்ட இடத்தில் அதன் மேல் பாரத்தை ஏற்றுகிறார். இந்த ஸ்பீக்கருக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான கிராஸ்ஓவரே சரியாக அமையும். அதே நிறுவனத்தின் மூன்று வழி (தாழ்ந்த, நடு, உயர் அதிர்வெண்களுக்குத் தனித்தனி ஒலிப்பான்கள் கொண்ட) மாடலான ஆர்3 மெட்டா 58 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் எல்லைக்குள் நிற்பதால், 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்குக் கீழேயும் அதற்குக் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது.

80 ஹெர்ட்ஸ் என்ற எண் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. திரைப்பட ஒலிக்கான டிஎச்எக்ஸ் தரநிர்ணயம் அதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. அந்த அளவுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்வதில்லை. அலைநீளமும் 4 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. கிராஸ்ஓவரை 120 ஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்த்தினால் ஆண்குரலின் அடிப்பகுதியே சப்வூஃபருக்குள் போய்விடும். அப்போது சப்வூஃபரை அறையின் ஏதோ ஒரு மூலையில் வைக்க முடியாது, இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையில்தான் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே கிராஸ்ஓவரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வைக்க அனுமதிக்கும் ஸ்பீக்கரையே தேடுங்கள். போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் துளை) உள்ள ஸ்பீக்கர் என்றால் அதன் 3 டெசிபெல் எல்லை கிராஸ்ஓவர் அதிர்வெண்ணின் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கும் கீழே இருந்தால் இன்னும் பாதுகாப்பானது. 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு அது ஏறக்குறைய 53 ஹெர்ட்ஸ்.

மூடிய பெட்டியா, போர்ட் உள்ள பெட்டியா?

மூடிய பெட்டி ஸ்பீக்கர் தன் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதம் இறங்குகிறது; போர்ட் உள்ளது 24 டெசிபெல் வீதம் இறங்குகிறது. சப்வூஃபருடன் சேர்க்கும்போது இந்த வேறுபாட்டுக்கு மதிப்பு மிக அதிகம். 80 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் குறையும் சீரான மூடிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்றுக்கு, ரிசீவரின் 12 டெசிபெல் ஹை-பாஸ் ஃபில்டரை அதே 80 ஹெர்ட்ஸில் போடுகிறோம் என்று வையுங்கள். இயற்கையான இறக்கமும் ஃபில்டரின் இறக்கமும் சேர்ந்து ஆக்டேவுக்கு 24 டெசிபெல் ஆகிறது. சப்வூஃபர் பக்கமும் 24 டெசிபெல். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் 1976இல் விளக்கிய கிராஸ்ஓவர் வடிவம் இப்படியே அமைந்துவிடுகிறது. அதில் இரு பக்கங்களும் எல்லா அதிர்வெண்களிலும் ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) நின்று சமமாகக் கூடுகின்றன. ஆழமான பேஸ் தராத ஸ்பீக்கர் என்று ஒதுக்கப்படும் மாடல், இந்த இடத்தில் குறையே இல்லாத ஸ்பீக்கராகிவிடுகிறது.

போர்ட் உள்ள ஸ்பீக்கரில் இந்தக் கணக்கு கலைகிறது. போர்ட் இசைவு செய்யப்பட்ட அதிர்வெண்ணைச் சுற்றி ஃபேஸ் வேகமாகச் சுழல்வதால், அந்த அதிர்வெண் கிராஸ்ஓவருக்கு அருகில் இருந்தால் சப்வூஃபரும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கும். இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிகளைத் தரும் கூம்புக்கு) பின்னால் காற்றின் பிடிமானமும் இருக்காது. ஹை-பாஸ் இல்லாமல் ஓட்டினால் ஒலி வராமலேயே கூம்பு மட்டும் முன்னும் பின்னும் அலையும். போர்ட்டை அடைக்கும் ஸ்பஞ்ச் பல ஸ்பீக்கர்களுடன் கூடவே வருவது இதற்கெல்லாம் உதவத்தான். அதைச் செருகினால் இறக்கம் மெதுவாகும், சேர்ப்பதும் எளிதாகும். ஒரு போர்ட் ஸ்பீக்கரை விரும்பிவிட்டீர்கள் என்றால், ஸ்பஞ்ச் செருகிய நிலையில் அதன் அளவீடு கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மூடிய பெட்டி உயர்தர ஸ்பீக்கர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கின்றன. ஏடிசி நிறுவனத்தின் எஸ்சிஎம்7, எஸ்சிஎம்11, எஸ்சிஎம்19 ஆகியவை மூடிய பெட்டிகள். ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே கொண்ட நாய்மன் கேஎச் 310 மூன்று வழி மூடிய பெட்டி. ஹார்பெத் பி3இஎஸ்ஆர் இன்னொன்று. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வாகனங்கள் போன்ற குறுகிய இடங்களுக்காக 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ மரபில் வந்தது அது. குரலை அவ்வளவு இயல்பாகத் தரும் சிறிய பெட்டிகள் குறைவு. ஆனால் 5 அங்குல அளவு வூஃபரும் குறைந்த உணர்திறனும் கொண்ட அந்த வகை ஸ்பீக்கர், பெரிய கூடத்தில் திரைப்பட ஒலியளவுக்கு ஈடுகொடுக்காது. அருகில் அமர்ந்து மிதமான ஒலியளவில் கேட்பவருக்கே அது உரியது.

80 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை

என் கணிப்பில் தேர்வு வெற்றி பெறுவதும் தோற்பதும் இந்தப் பகுதியில்தான். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தி 65 ஹெர்ட்ஸ். அந்தச் செல்லோ தந்தியை மீட்டும்போது அதன் அடிப்படை ஒலி சப்வூஃபரிலிருந்தும், 130, 195 ஹெர்ட்ஸ் என்று ஏறும் அதன் துணை ஒலிகள் ஸ்பீக்கரிலிருந்தும் வருகின்றன. ஒரே வாத்தியத்தை இரண்டு பெட்டிகள் பங்குபோட்டு வாசிக்கின்றன. சப்வூஃபர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், ஸ்பீக்கர் இந்தப் பகுதியில் மெலிந்திருந்தால் பேஸ் தனியாகவும் பாட்டு தனியாகவும் கேட்கும். "சப்வூஃபர் ஒட்டவில்லை" என்று சொல்லப்படும் குறைகளில் கணிசமானவற்றுக்கு மூலம் சப்வூஃபர் அல்ல, ஸ்பீக்கரின் மேல்-பேஸ் பலவீனம்தான்.

இங்கே வூஃபரின் பரப்பளவுக்கு மாற்று கிடையாது. ஒரே ஒலியளவுக்கு, அதிர்வெண் பாதியானால் கூம்பு நகர வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் போடுவதால், 40 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டியிருந்த வூஃபரின் அலைச்சல் ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்துவிடுகிறது. அப்படி விடுபட்ட திறனை மேல்-பேஸுக்குச் செலவிடும் வாய்ப்பு 5.25 அங்குல வூஃபரை விட 6.5 அங்குல வூஃபருக்கு அதிகம். அதன் பரப்பளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 3 மீட்டருக்கு மேல் தள்ளி அமர்பவர்களும், பெரிய அறை வைத்திருப்பவர்களும், படம் பார்ப்பவர்களும் 6.5 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. இரண்டு மீட்டருக்குள் அமர்ந்து கேட்பவருக்கு 5 அங்குலமே போதும்.

உணர்திறன் எண்ணைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்த எண்ணே பெரும்பாலும் அச்சிடப்படுகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே இரண்டு வாட். எனவே 87 டெசிபெல் என்று அச்சிட்ட 4 ஓம் ஸ்பீக்கர், வாட் கணக்கில் 84 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் குறைவுக்கும் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். வாட் கணக்கில் 85 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபெல். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால், அறையின் உதவியைக் கணக்கில் சேர்க்காமல், ஏறக்குறைய 95. இரண்டு ஸ்பீக்கர்களும் அறையும் சேர்ந்து அதைச் சற்று உயர்த்தும். இசைக்கு இது தாராளம். திரைப்படத்தின் குறிப்பு ஒலியளவில் ஒவ்வொரு முதன்மைச் சேனலுக்கும் 105 டெசிபெல் உச்சம் கேட்கப்படுவதால், அந்த அளவில் பார்க்க விரும்புபவருக்கு இது போதாது.

ரிசீவர் வைத்திருப்பவர்கள் மின்மறுப்பின் (ஓம் கணக்கில் சொல்லப்படும் எண்) மிகக் குறைந்த அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்; அது குறையக் குறைய ரிசீவருக்குச் சுமை கூடும். 8 ஓம் என்று பெயரிடப்பட்ட எல்எஸ்50 மெட்டாவே ஓரிடத்தில் 3.5 ஓமுக்கு இறங்குகிறது.

கிராஸ்ஓவருக்கு வெகு மேலே

ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கேட்போரின் விருப்பத்தை ஸ்பீக்கரின் அளவீடுகளிலிருந்தே கணிக்கும் முறை ஒன்றை முன்வைத்தார். அந்தக் கணிப்பில் பேஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு மட்டும் ஏறக்குறைய 30 சதவீத எடை இருந்தது. சப்வூஃபர் வந்தவுடன் அந்த 30 சதவீதம் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஏறத்தாழப் பொதுவாகிவிடுகிறது. மீதமுள்ளவை ஒலியின் சமன்பாடும், பக்கவாட்டில் பரவும் ஒலியின் சீர்மையும்தான்; அதாவது நேராக வரும் ஒலியும் சுவர்களில் பட்டு வரும் ஒலியும் ஒரே குணத்தோடு இருக்கின்றனவா என்பது. எனவே ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாக் கோணங்களிலும் அளக்கும் ஸ்பினோரமா வரைபடம் கிடைத்தால், இடது ஓரத்தில் கோடு எங்கே விழுகிறது என்பதை விட்டுவிட்டு, 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றனவா என்று பாருங்கள்.

பெரும்பாலான இரு வழி ஸ்பீக்கர்களில் சிக்கல் வருமிடம் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் 6.5 அங்குல வூஃபர் ஒலியைக் குறுகலாக முன்னே மட்டும் செலுத்தத் தொடங்கியிருக்கும். அதிலிருந்து பொறுப்பேற்று உயர் அதிர்வெண்களைத் தரும் ஒரு அங்குல ட்வீட்டரோ அகலமாக விரித்துப் பரப்பும். இந்தத் தாவலைச் சமாளிக்க ட்வீட்டரைச் சுற்றி வேவ்கைடு என்ற குழிந்த வளையத்தை அமைப்பது ஒரு வழி. கேஇஎஃப் 1988இல் கொண்டுவந்த யூனி-க்யூ போல ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே பொருத்துவது இன்னொரு வழி. பெரிலியம், வைரம் என்று ட்வீட்டரின் பொருளைச் சொல்லி விற்கப்படும் மாடல்கள் பல. அவற்றில் மிகச் சிறந்தவையும் உண்டு. ஆனால் ட்வீட்டர் எதனால் ஆனது என்பதை விட, அது வூஃபரோடு எப்படிக் கைகோக்கிறது என்பதற்கே நான் பணம் கொடுப்பேன்.

வைக்கும் இடமும் தேர்வில் சேர்த்தி

பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, ஸ்பீக்கரின் முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தின் கால்பங்காக இருக்கும் அதிர்வெண்ணில் நேர் ஒலியை ரத்து செய்கிறது. தூரம் ஒரு மீட்டர் என்றால் அது 86 ஹெர்ட்ஸ். அரை மீட்டர் என்றால் 172 ஹெர்ட்ஸ். நாம் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற நினைக்கும் மேல்-பேஸில் சரியாகக் குழி விழுவது இந்த இடைப்பட்ட தூரங்களில்தான். சப்வூஃபர் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி கிடைக்கிறது. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 1.1 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் குழி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடும்; அந்த அதிர்வெண்ணை ஸ்பீக்கர் அதிகம் ஒலிப்பதே இல்லை. அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவரை ஒட்டியே வைத்துவிடுங்கள். அப்போது குழி 300 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிச் சற்று மங்கும். ஒட்டி வைப்பதாக இருந்தால் பின்பக்கப் போர்ட் உள்ள மாடலை விட மூடிய பெட்டியோ முன்பக்கப் போர்ட்டோ தொல்லை குறைவு.

வாங்குமுன் கேட்டுப் பார்ப்பது

கடையில் சப்வூஃபரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் போட்ட நிலையில் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது ஒலி மெலிவாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்குரல் உடலற்றுப் போகக் கூடாது, கிட்டாரின் தாழ்ந்த தந்தி வெறும் சொடுக்காக ஒலிக்கக் கூடாது. பிறகு ஒலியளவைப் படிப்படியாக உயர்த்துங்கள். சத்தம் கூடுகிறதே தவிர ஒலியின் குணம் மாறவில்லை என்றால் அந்த வூஃபரிடம் கையிருப்பு இருக்கிறது. குரல் கூர்மையாகி முன்னால் வந்து இடிக்கிறது என்றால் இல்லை.

வீட்டுக்கு எடுத்துச் சென்று பார்க்க அனுமதி கிடைத்தால், ஒரு அளவீட்டு மைக்கும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் இக்யூ விசார்ட் மென்பொருளும் போதும். அமரும் இடத்தில் மைக்கை வைத்து, ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மைக்கிலிருந்து உள்ள தூரங்களை முதலில் ரிசீவரில் பதியுங்கள். சப்வூஃபரின் போலாரிட்டியை (அலையின் ஏற்ற இறக்கத் திசையை) தலைகீழாக்கி, கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஒரே சுருதியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, ஒலி மிகவும் குறையும்வரை சப்வூஃபரின் தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். 80 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 12.5 மில்லிசெகண்ட், பதிந்த தூரத்திலிருந்து அதில் பாதிக்கு மேல் விலகிப் போகாதீர்கள், போனால் ஒரு சுற்று தள்ளிப்போய்ப் பொருந்திக்கொள்ளும். குழி நன்றாக ஆழமாகிறது என்றால் இரு பக்கங்களும் ஒலியளவிலும் ஃபேஸிலும் ஒத்துப்போகின்றன. போலாரிட்டியைப் பழையபடி மாற்றியதும் அதே இடம் நிரம்பி நிற்கும். எவ்வளவு திருகினாலும் குழி ஆழமாகவில்லை என்றால், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்தியும், போர்ட்டில் ஸ்பஞ்ச் செருகியும், கிராஸ்ஓவரை 10 ஹெர்ட்ஸ் உயர்த்தியும் மறுபடி பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் சப்வூஃபரை வேறிடத்தில் வைத்து இன்னொரு முறை அளந்துவிட்டு, அதன் பிறகு ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி முடிவெடுங்கள்.